‘ஸ்டிரைக்’ என்றால் அடிப்பது மட்டும்தானா?

கேட்டவர் சிங்கப்பூரில் இருக்கும் ஓர் அம்மா. மகள் பிரைமரி 6. வீட்டில் இவர்தான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார். ‘ஸ்டிரைக்’ என்றால் அடிப்பது, இல்லையென்றால் வேலைநிறுத்தம் என்று சொல்லி வைத்திருந்தார். பிறகு ஒரு குளோஸ் பயிற்சியில் (பத்தியில் விடுபட்ட சொற்களை நிரப்புவது) ‘ஸ்டிரைக் எ பேலன்ஸ்’ வந்தது. அடுத்த தாளில் ‘ஸ்டிரைக் அவுட்’. அதற்கும் அடுத்ததில் ‘இட் ஸ்டிரக் மீ’. “ஒரே வினைச்சொல் எப்படி இத்தனை வேலை செய்கிறது? பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ண வைக்கட்டுமா?” என்பது அவர் கேள்வி.

பட்டியல் வேண்டாம். பெரிய அகராதியைத் திறந்தால் இந்த ஒரு சொல்லுக்கே பக்கம் பக்கமாகப் பொருள் ஓடும். அதை மனப்பாடம் செய்த பிள்ளை பரீட்சையில் பதினோராவது பொருளைப் பார்த்துத் திகைத்து நிற்கும். அதற்குப் பதிலாக ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுங்கள்: இந்தச் சொல்லுக்கு ஆதியில் அடிப்பது என்ற பொருளே கிடையாது.

பழைய ஆங்கிலத்தில் இதற்குத் தடவுவது, வழிப்பது, தேய்த்துக்கொண்டு போவது என்றுதான் பொருள். கை ஒரு பரப்பின் மேல் ஒரே வீச்சில் போகிறதே, அந்த அசைவு. அடிப்பது என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்தது. கொஞ்சம் வேகமாகத் தடவினால் அடிதானே! ஜெர்மன் மொழியில் இதே சொல்லின் உறவுக்காரச் சொல் இன்றும் பழைய பொருளோடு புழங்குகிறது. வெண்ணெய் தடவவும், சுவருக்குப் பெயிண்ட் அடிக்கவும், எழுதியதைக் கோடு போட்டு நீக்கவும் அவர்களுக்கு அந்த ஒரே வினை போதும். நாமும் பெயிண்டை ‘அடிக்கிறோம்’, வெள்ளை ‘அடிக்கிறோம்’. அங்கே யாரும் சுவரைப் போட்டுத் தாக்குவதில்லை.

அந்தக் காலத்து ஆங்கில ஊர்களில் தானியம் அளப்பவர்கள் மரக்காலில் குவிந்து நிற்பதை ஒரு குச்சியால் வழித்துத் தள்ளிச் சமமாக்குவார்கள். அந்தக் குச்சிக்கே ‘ஸ்டிரைக்’ என்று பெயர் இருந்தது. நம் ஊரில் தலைதட்டி அளப்பது என்போமே, அதேதான். குவித்து அளந்தால் வாங்குபவருக்கு லாபம், தலைதட்டினால் விற்பவருக்கு லாபம். தீக்குச்சியை ஏன் ‘ஸ்டிரைக்’ செய்கிறார்கள் என்பதும் இங்கே விளங்கிவிடும். யாரும் குச்சியைப் பெட்டியில் அடிப்பதில்லை, உரசுகிறார்கள். பழைய பொருள் அப்படியே தங்கிப்போன இடம் அது.

இந்தத் தடவலிலிருந்துதான் கோடு வருகிறது. பேனாவை எழுத்தின் மேல் ஒரே இழுப்பில் இழுத்தால் அது ‘ஸ்டிரைக் அவுட்’. இதைத் தமிழ்ப் பிள்ளைக்கு விளக்குவது ரொம்பச் சுலபம். “அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது” என்று தமிழாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அந்த ‘அடித்தல்’ எதுவோ அதுதான் இந்த ‘ஸ்டிரைக்’. இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

பள்ளி நோட்டோடு இது நிற்பதில்லை. நீதிமன்றத்தில் ஒரு தரப்பு தாக்கல் செய்த மனுவுக்கு அடிப்படையே இல்லை என்று தோன்றினால், அதை ‘ஸ்டிரைக் அவுட்’ செய்யும்படி எதிர்த்தரப்பு கேட்கலாம். விசாரணைக்கே போகாமல் அங்கேயே கோடு விழுந்துவிடும். தொழிலை நிறுத்திவிட்ட கம்பெனியைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடும்படி, சிங்கப்பூரில் கம்பெனிகளைப் பதிவு செய்யும் அமைப்பான அக்ராவுக்கு விண்ணப்பிப்பதன் பெயர் ‘ஸ்டிரைக் ஆஃப்’. சின்னக் கம்பெனி நடத்தி மூடிய எல்லாருக்கும் இந்தச் சொல் அத்துப்படி. பெரிய தவறு செய்த வழக்கறிஞரின் பெயரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கும்போதும் இதே ‘ஆஃப்’தான், ‘ஸ்டிரக் ஆஃப்’ என்று செய்தியில் வரும். பட்டியலில் இருந்த பெயர் போய்விட்டால் ‘ஆஃப்’. எழுதிய வாசகத்தின் மேல் கோடு விழுந்தால் ‘அவுட்’. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையே செல்லாது என்று நீதிமன்றம் தள்ளினால் ‘டவுன்’. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு, பெரியவர்கள் உட்பட.

‘ஸ்டிரைக் அவுட்’டுக்கு வேறு இரண்டு முகமும் உண்டு. ‘ஸ்டிரைக் அவுட் ஆன் ஹர் ஓன்’ என்றால் தனியாகக் கிளம்பிச் சொந்தக் காலில் நிற்பது. வேலையை விட்டுக் கடை திறந்தவரைப் பற்றிய கட்டுரைகளில் தவறாமல் வரும். போவது என்ற பழைய பொருளின் மிச்சம் இது. அமெரிக்கர்கள் ‘ஐ ஸ்டிரக் அவுட்’ என்றால் முயன்று தோற்றேன் என்று பொருள். அது பேஸ்பாலிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது உங்கள் மகளைத் திணறவைத்த ‘ஸ்டிரைக் எ பேலன்ஸ்’. இது முதலில் கணக்குப்பிள்ளைகளின் சொல். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். அடியில் ஒரு கோடு இழுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்து எழுதுவதைத்தான் அப்படிச் சொன்னார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி எனப்பட்ட வட்டிக்கடைகளில் செட்டியார்கள் பெட்டகத்துக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து ஐந்தொகை எடுத்தார்களே, அதை ஆங்கிலத்தில் சொல்வதானால் இந்தத் தொடர்தான் பொருந்தும். பிற்பாடு கணக்குப் புத்தகத்தை விட்டு வெளியே வந்து, படிப்புக்கும் விளையாட்டுக்கும் நடுவே, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு நிதானம் காண்பது என்று விரிந்துவிட்டது. தமிழில் ‘சமநிலையை அடித்தல்’ என்று யாராவது எழுதினால் உடனே தடுத்துவிடுங்கள். ‘இரண்டுக்கும் ஈடு கொடுப்பது’ என்றோ ‘இரண்டையும் சமாளிப்பது’ என்றோ சொன்னால் தீர்ந்தது.

‘ஸ்டிரைக் எ டீல்’, ‘ஸ்டிரைக் எ பார்கெய்ன்’ இரண்டும் வேறு வழியில் வந்தவை. ஒப்பந்தம் செய்வதை லத்தீனிலும் ‘ஒப்பந்தத்தை அடிப்பது’ என்றுதான் சொன்னார்கள். உடன்படிக்கையின்போது பலி கொடுக்கும் விலங்கை அடிப்பதைக் குறித்த பேச்சு அது. பேரம் முடிந்ததும் கையோடு கை தட்டிக்கொள்வதும் பல நாட்டு வழக்கம். நம்மிடம் கையடித்துச் சத்தியம் செய்வது இன்னும் போகவில்லை. பங்குச்சந்தை ஆப்ஷன்களில் ‘ஸ்டிரைக் பிரைஸ்’ என்பதும் முன்கூட்டியே பேசி முடித்த விலையைத்தான் குறிக்கிறது.

இனி வேலைநிறுத்தம். இதில் கொஞ்சம் நிற்கலாம், கதை சுவாரஸ்யமானது.

கப்பல்காரர்கள் இந்தச் சொல்லை இறக்குவதற்குப் பயன்படுத்தினார்கள். பாயை இறக்கினால் ‘ஸ்டிரைக்’. சண்டையில் தோற்ற கப்பல் கொடியை இறக்கினாலும் ‘ஸ்டிரைக்’. முகாமைக் கலைத்துக் கூடாரத்தைப் பிரித்தாலும் அதே சொல். இங்கே தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வேடிக்கை காட்டலாம். நாம் கூடாரம் ‘அடித்தோம்’ என்றால் போட்டுவிட்டோம் என்று பொருள். அவர்கள் கூடாரத்தை ‘ஸ்டிரைக்’ செய்தால் பிரித்துவிட்டார்கள். நாடகக்காரர்களிடமும் இந்தப் பொருள் உண்டு. கடைசிக் காட்சி முடிந்த இரவு மேடை அமைப்பைக் கழற்றி அடுக்குவதை ‘ஸ்டிரைக்’ என்பார்கள். வெளியிலிருந்து உதவிக்கு வந்த இளைஞர்கள் “இன்றிரவு ஸ்டிரைக்” என்று கேட்டுப் பயந்துபோவது நடக்கும்.

1768இல் லண்டனில் மாலுமிகள் கூலிப் பிரச்சினையில் கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டார்கள். பாய் இல்லாமல் கப்பல் எங்கே போகும்? துறைமுகம் முடங்கியது. பாயை ‘ஸ்டிரைக்’ செய்தார்கள் என்பது நாளடைவில் வேலையை ‘ஸ்டிரைக்’ செய்தார்கள் என்றாகி, பாய் போய்ச் சொல் மட்டும் நின்றது. ஆக, தொழிலாளர் முஷ்டியை உயர்த்தி அடிப்பதாகச் சுவரொட்டிகளில் வரையப்படும் படத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் பிறப்பிலே சம்பந்தமில்லை. அது இறக்கி வைப்பது, கீழே போடுவது. ‘வேலைநிறுத்தம்’ என்ற நம் சொல் ஆங்கிலத்தைவிட நேராக விஷயத்தைச் சொல்கிறது என்பது என் அபிப்பிராயம்.

துறைமுகத்தில் பிறந்த சொல் துறைமுக நகரமான சிங்கப்பூரில் நன்றாகவே புழங்கியது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் துறைமுகத்திலும் கடற்படைத் தளத்திலும் வேலை பார்த்தவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். அந்தக் காலத் தொழிற்சங்கப் பேச்சில் ‘ஸ்டிரைக்’ அன்றாடச் சொல். 1955 மே 12இல் ஹாக் லீ பேருந்து நிறுவனத் தகராறு கலவரமாக வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் வந்த குற்றவியல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின்படி தண்ணீர், மின்சாரம், எரிவாயு ஆகிய மூன்றிலும் வேலைநிறுத்தமே கூடாது. மற்ற அத்தியாவசியச் சேவைகளில் 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். 1986 ஜனவரியில் ஹைட்ரில் என்ற நிறுவனத்தில் நடந்ததற்குப் பிறகு நீண்ட காலம் இங்கே வேலைநிறுத்தமே இல்லை. 2012 நவம்பரில் எஸ்எம்ஆர்டி நிறுவனத்தின் சீன நாட்டுப் பேருந்து ஓட்டுநர்கள் 171 பேர் வேலைக்குப் போகாமல் இருந்தபோதுதான் அந்தச் சொல் மறுபடி தலைப்புச் செய்தியில் ஏறியது. முன்னறிவிப்பு இல்லாததால் அது சட்டவிரோத வேலைநிறுத்தம் என்று வழக்கும் தொடரப்பட்டது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழில் நாம் ‘ஸ்டிரைக்’கை ரொம்ப லேசாக எடுத்துக்கொள்கிறோம். “வயிறு ஸ்டிரைக் பண்ணுது”, “பிரிண்டர் ஸ்டிரைக்”, “இன்னைக்கு சமைக்க மாட்டேன், ஸ்டிரைக்” என்றெல்லாம் வீட்டில் சொல்வோம். அலுவலகத்தில் ஆங்கிலத்தில் அதே தொனியில் சொன்னால் கேட்பவர் வேறு மாதிரி நிமிர்ந்து பார்ப்பார். இங்கே அது சட்ட வாடை அடிக்கும் சொல். வாக்கியத்தில் போடும்போது ‘கோ ஆன் ஸ்டிரைக்’, ‘ஆர் ஆன் ஸ்டிரைக்’ என்று ‘ஆன்’ சேர்ப்பது பாதுகாப்பு. ‘த வொர்க்கர்ஸ் ஸ்டிரக்’ என்றும் எழுதலாம், தவறில்லை. ஆனால் அதைப் படிக்கும் பிள்ளை யாரை அடித்தார்கள் என்று தேடும்.

சரி, எல்லாருக்கும் தெரிந்த அடிக்கு வருவோம். தெரிந்ததாக நாம் நினைக்கும் இந்த இடத்தில்தான் பிள்ளைகள் அதிகம் தவறுகிறார்கள். கட்டுரையில் “அம்மா என்னை அடித்தார்” என்று எழுத நினைத்து, ‘மை மதர் ஸ்டிரைக்ட் மீ’ என்று எழுதிவிடும். ஆங்கிலத்தில் அப்படி ஒரு வடிவமே இல்லை, ‘ஸ்டிரக்’ என்று வர வேண்டும். அதைத் திருத்திய பிறகும் வாக்கியம் உறுத்தும். அம்மா பிள்ளையை அடிப்பது ‘ஹிட்’ அல்லது ‘ஸ்மேக்’. சிங்கப்பூர்ப் பேச்சில் ‘வேக்’. (அந்த ‘வேக்’ கெட்டிக்காரச் சொல். நாலு பரோட்டாவை உள்ளே தள்ளினாலும் ‘வேக்’தான்.) ‘ஸ்டிரக்’ என்று எழுதினால் காவல்துறை அறிக்கை மாதிரி ஆகிவிடும். சந்தேக நபர் பாட்டிலால் தலையில் தாக்கினார், கார் பாதசாரியை மோதியது என்று நீதிமன்றச் செய்திகளில் வருவது இதுதான். அம்மா ‘ஸ்டிரக்’ செய்தார் என்றால் படிக்கும் ஆசிரியர் பள்ளி ஆலோசகரைக் கூப்பிடலாமா என்று யோசிப்பார்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ‘பீட்’ என்றால் திரும்பத் திரும்ப அடிப்பது. பறை அடிப்பது, முட்டை அடிப்பது, ஒருவரைப் போட்டு மொத்துவது எல்லாம் ‘பீட்’. ‘ஸ்டிரைக்’ ஒரே ஒரு தரம், வந்து விழும். ‘ஹிட்’ எங்கும் போகும். தமிழில் மூன்றுக்கும் ‘அடி’ போதும் என்பதால் நமக்கு இந்த வேறுபாடு காதில் விழுவதில்லை.

ஒரே தரம், திடீரென்று, மேலிருந்து என்பதற்கு மின்னலைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. உலகிலேயே மின்னல் மிகுந்த இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. ஆண்டில் 160 நாளுக்கு மேல் இங்கே இடி கேட்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் வானம் கறுப்பதைப் பார்க்கலாம். நீச்சல் குளத்தில் விசில் ஊதி எல்லாரையும் கரையேற்றுவார்கள். பிள்ளைகள் துண்டைப் போர்த்திக்கொண்டு, நீலமாகக் கிடக்கும் தண்ணீரைப் பார்த்தபடி முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பயிற்சி செய்த யாரிடமும் ‘கேட் ஒன்’ என்று சொல்லிப் பாருங்கள், மின்னல் அபாயம், வெளிப்பயிற்சி நிறுத்தம் என்று முகம் மலரும். அந்த அறிவிப்புகளிலெல்லாம் வரும் வினை ‘ஸ்டிரைக்’. தமிழில் மின்னல் ‘தாக்கியது’ அல்லது இடி ‘விழுந்தது’. மின்னல் ஒரே இடத்தில் இரண்டு முறை ‘ஸ்டிரைக்’ செய்யாது என்ற ஆங்கிலப் பழமொழி பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். பழமொழியாக இருக்கட்டும், ஆனால் அது பொய். உயரமான கட்டடத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் விழும். இடிதாங்கி வைப்பதே அதற்குத்தானே.

நோய், பஞ்சம், பேரிடர் எல்லாம் இந்த மின்னலின் பின்னால் வருபவை. ‘டிசாஸ்டர் ஸ்டிரக்’ என்றால் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது என்பது உள்ளடக்கம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் நீங்கள் அஞ்சும் ‘ஸ்ட்ரோக்’கும் இந்த வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல்தான். கடவுளின் கை வந்து விழுந்த அடி என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். தமிழில் பக்கவாதம் என்பது உடம்பின் எந்தப் பக்கம் போயிற்று என்று பார்க்கிறது, ஆங்கிலம் எப்படி வந்தது என்று பார்க்கிறது. நீச்சலில் கையை வீசும் ‘ஸ்ட்ரோக்’, தூரிகையின் ‘ஸ்ட்ரோக்’, பூனையை வருடும் ‘ஸ்ட்ரோக்’ எல்லாம் ஒரே குடும்பம். வருடுவதும் அடிப்பதும் ஒரே வேரில் கிடப்பது, மேலே சொன்ன பழைய பொருள் தெரிந்தவர்களுக்கு வியப்பாக இருக்காது. மணி அடிப்பதும் இங்கேதான். சுத்தி மணியில் ஒரு தரம் விழுந்தால் ஒரு ‘ஸ்ட்ரோக்’. ‘த கிளாக் ஸ்டிரக் ட்வெல்வ்’ என்று எழுதும்போது நடுவில் ‘அட்’ போடக்கூடாது, பிள்ளைகள் போடுவார்கள்.

டோட்டோ லாட்டரியை விட்டுவிட்டு சிங்கப்பூரில் இந்தச் சொல்லைப் பேச முடியாது. தேக்கா பக்கம் திங்கள், வியாழன் மாலைகளில் லாட்டரி விற்கும் சிங்கப்பூர் பூல்ஸ் கடை வரிசையில் நின்றால் “ஸ்டிரைக் ஆச்சா?” என்று காதில் விழும். ‘ஸ்டிரைக் ஃபோர்-டி’, ‘ஸ்டிரைக் டோட்டோ’ என்பது இங்கேயும் மலேசியாவிலும் வழங்கும் ஆங்கிலம். பிரிட்டிஷ்காரர் ‘வின்’ என்பார். சீனத்தில் பரிசு விழுவதற்கு உள்ள ‘ஜோங்’ என்ற சொல்லுக்குக் குறியில் போய்ப் படுவது என்று பொருள். தமிழில் லாட்டரி ‘அடிக்கிறது’. இரண்டு பக்கமும் இப்படி இருக்கும்போது இங்குள்ளவர்கள் ஆங்கிலத்திலும் ‘அடித்ததில்’ ஆச்சரியமில்லை. நான்கு இலக்க லாட்டரியான ஃபோர்-டியில் ‘பிக்’ என்ற வகையில் ஒரு வெள்ளி கட்டி முதல் பரிசு அடித்தால் 2,000 வெள்ளி. பரீட்சைக் கட்டுரையில் மட்டும் ‘வோன் த லாட்டரி’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘ஸ்டிரைக் கோல்ட்’, ‘ஸ்டிரைக் இட் ரிச்’ ஆகியவற்றுக்கு எங்கும் தடையில்லை. தோண்டும் கடப்பாரை தங்கத்தில் போய் ‘ணங்’ என்று பட்டது என்ற பழைய சுரங்கப் பேச்சு அது.

‘இட் ஸ்டிரக் மீ’ இருக்கிறதே, அது எனக்கு மிகப் பிடித்த இடம். ஒரு எண்ணம் வந்து என்னைத் தொட்டது என்பதுதான் அது. இதைத் தமிழனுக்கு விளக்கவே வேண்டாம். “எனக்கு என்ன படுதுன்னா…” என்று நாள் முழுக்க நாம் பேசுகிறோம். படுவது என்றால் மேலே வந்து தொடுவதுதானே. சட்டென்று வந்தால் ‘பொறி தட்டியது’. ‘அவர் எனக்கு நேர்மையானவராகப் பட்டார்’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஹி ஸ்டிரக் மீ ஆஸ் ஆனெஸ்ட்’ என்று சொல்கிறார்கள், அந்த ‘ஆஸ்’ விடுபட்டால் வாக்கியம் நொண்டும். ‘ஸ்டிரைக்கிங்’ என்று பெண்ணைச் சொன்னால் அழகி என்பதோடு கொஞ்சம் கூடுதல். கூட்டத்தில் கண் தானாகப் போய் அவரிடம் நிற்கும் என்பது. எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த பாட்டியிடம் ‘ஸ்டிரைக் அப் எ கான்வர்சேஷன்’ செய்வது என்றால் பேச்சுக் கொடுப்பது. பாண்டு வாத்தியக் குழு வாசிக்கத் தொடங்குவதைக் குறித்த சொல் அது, பேச்சுக்கு வந்துவிட்டது.

விளையாட்டில் வேகமாகப் போய்விடலாம். காற்பந்தில் கோல் போடுபவர் ‘ஸ்டிரைக்கர்’, சிங்கப்பூர் ஆட்டக்காரர் ஃபாண்டி அகமது காலத்திலிருந்து இங்கே குழந்தைக்கும் தெரியும். கேரம் பலகையில் சுண்டும் காயும் ‘ஸ்டிரைக்கர்’தான். மாவு தூவிய பலகையில் வழுக்கிக்கொண்டு போய் மோதும் அந்தக் காய்க்குச் சொல்லின் பழைய பொருள், புதிய பொருள் இரண்டுமே பொருந்துகின்றன. போலிங்கில் முதல் பந்திலேயே பத்து முளையும் விழுந்தால் ‘ஸ்டிரைக்’, ஓர் ஆட்டத்தில் பன்னிரண்டு ‘ஸ்டிரைக்’ தொடர்ந்து அடித்தால் 300 புள்ளி. கிரிக்கெட்டில் மட்டையாளரின் ‘ஸ்டிரைக் ரேட்’ நூறு பந்துக்கு எத்தனை ஓட்டம் என்பது, ஆகவே கூடினால் நல்லது. பந்துவீச்சாளருக்கு அதே பெயரில் ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து என்று கணக்கு, ஆகவே குறைந்தால் நல்லது. பேஸ்பாலில்தான் தலைகீழ். மட்டை பந்தில் படாமல் போனாலும், ஆடாமல் விட்ட நல்ல பந்துக்கும் ‘ஸ்டிரைக்’ என்கிறார்கள், மூன்று ஆனால் வெளியே. ஆரம்பத்தில் பந்தை நோக்கி வீசியதைத்தான் அப்படி எண்ணினார்கள். வீசாமல் சும்மா நின்று காலம் கடத்தியவர்களை வழிக்குக் கொண்டுவர, நல்ல பந்தை விட்டாலும் வீசியதாகக் கணக்கு என்று பிறகு விதி செய்தார்கள். ‘த்ரீ ஸ்டிரைக்ஸ்’ என்று அலுவலக எச்சரிக்கைகளில் வருவது இங்கிருந்து.

பிள்ளையோடு உட்காரும்போது, வினையைப் பார்க்காமல் அதற்கு அடுத்து வரும் சொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘பேலன்ஸ்’ என்றால் கோடு, ‘மேட்ச்’ என்றால் உரசல், ‘செயில்’ என்றால் இறக்கம், ‘மீ’ என்றால் எண்ணம், ‘கோல்ட்’ என்றால் தற்செயலாகப் பட்டது. குளோஸில் விடை ‘ஸ்டிரைக்’ என்று வருமிடத்தில் பெரும்பாலும் அடுத்த சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

வடிவத்தில் ஒரே ஒரு சிக்கல் பாக்கி. இறந்தகாலமும் முடிவெச்சமும் (பாஸ்ட் பார்ட்டிசிப்பிள்) இரண்டுமே ‘ஸ்டிரக்’. ஆனால் ‘ஸ்டிரிக்கன்’ என்ற பழைய வடிவம் துன்பத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னும் இருக்கிறது: வறுமையில் வாடும் குடும்பம் ‘பாவர்ட்டி-ஸ்டிரிக்கன்’, பீதியில் உறைந்தவர் ‘பேனிக்-ஸ்டிரிக்கன்’. வியப்பும் மயக்கமும் வந்தால் ‘ஸ்டிரக்’குக்குத் திரும்பிவிடும், நட்சத்திரத்தைப் பார்த்து வாயடைத்தவர் ‘ஸ்டார்-ஸ்டிரக்’. ‘பாவர்ட்டி-ஸ்டிரக்’ என்று எழுதினால் சிவப்பு வட்டம் நிச்சயம்.